ஏ10-க்கு அப்புறம் ஏ2 வந்து நின்றால்

உதிரிபாகப் பட்டியல் ஒன்றை எக்ஸ்எம்எல்லில் (குறிச்சொற்களால் தரவை அடுக்கும் கோப்பு வடிவம்) இருந்து அச்சுக்கு மாற்றிக் கொடுத்தேன். சோதனைக் கோப்பில் வரிசை கச்சிதமாக வந்தது. முழுத் தரவும் ஓடிய அன்று பாகங்களின் அடையாளங்கள் ஏ1, ஏ10, ஏ11, ஏ2 என்று வந்து நின்றன. சோதனைக் கோப்பில் 9-ஐத் தாண்டிய எண்ணே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில் சும்மா வரிசைப்படுத்தச் சொன்னால் அது உரையாகத்தான் ஒப்பிடும். எழுத்து எழுத்தாகப் பார்க்கும்போது 1 முந்தும், 2 பிந்தும். சரி, டேட்டா-டைப்பை (எந்த வகையாக ஒப்பிட வேண்டும் என்ற அமைப்பு) 'நம்பர்' என்று மாற்றிவிடலாம் என்று பலரும் கை வைப்பது இங்கேதான். எனக்குப் பயமும் இங்கேதான். 'ஏ10' ஒரு எண்ணே அல்ல. அதனால் எல்லா அடையாளங்களும் 'நான்' (எண் அல்லாதது) ஆகிவிடும். எல்லாம் சமம் என்றால் வந்த வரிசை அப்படியே இருக்கும். மூலக் கோப்பு ஏற்கெனவே ஒழுங்காக இருந்தால், சரியாக வேலை செய்வது போலவே தெரியும். பிழைச் செய்தியும் வராது.

எக்ஸ்எஸ்எல்டியின் 1.0 பதிப்பில் பழகிய வழி, குறிப்பிட்ட எழுத்துகளை மாற்றவோ நீக்கவோ உதவும் 'ட்ரான்ஸ்லேட்'. இலக்கங்களை நீக்கினால் எழுத்துப் பகுதி கிடைக்கும். அந்த எழுத்துகளை மூலத்திலிருந்து நீக்கினால் எண் கிடைக்கும். முதலில் எழுத்து, அப்புறம் எண் என்று இரண்டு சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டளை). ஏ10, பி7 போன்றவற்றுக்கு இது போதும். ஆனால் ஏ2பி15-ஐயும் ஏ10பி2-ஐயும் கொடுத்துப் பாருங்கள். இரண்டிலும் எழுத்துப் பகுதி 'ஏபி'; எண்களோ ஒட்டிக்கொண்டு 215, 102 ஆகின்றன. ஏ10 முந்திவிடும்.

இப்படிப்பட்டவற்றுக்கு நான் நம்புவது துண்டு துண்டாகப் பிரித்து எண்களுக்கு முன்னால் பூச்சியம் நிரப்புவதைத்தான். 2007-இல் வந்த 2.0-வில், உரையைத் துண்டாக்கும் 'அனலைஸ்-ஸ்ட்ரிங்' கட்டளை இதற்கு வாகானது. ஏ2பி15 என்பது ஏ0002பி0015 ஆகிவிட்டால் உரை ஒப்பீடே சரியான வரிசையைத் தரும். எத்தனை இலக்கத்துக்கு நிரப்புவது என்ற அகலத்தை மட்டும் தாராளமாக வையுங்கள். இந்த நிரப்பிய வடிவம் வரிசைக்கான திறவுகோல் மட்டுமே. வெளியீட்டில் மூல அடையாளம்தான் போக வேண்டும்.

3.0-வில் யூனிகோட் கொலேஷனுக்கு (உரையை ஒப்பிடும் விதித் தொகுப்பு) 'நியூமெரிக்=யெஸ்' என்று கொடுத்தாலே போதும். எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் செயலிக்கு அது தெரியாவிட்டால் சத்தமில்லாமல் வேறு விதிக்குத் தாவிவிடலாம். 'ஃபால்பேக்=நோ' என்றும் சேர்த்துவிடுங்கள்; அப்போதாவது பிழை வரும்.

1.0-விலிருந்து 2.0-வுக்கு மாறுபவர்கள் '1ஈ5' போன்ற, அறிவியல் குறியீட்டு எண்ணாகவும் (1-ஐ அடுத்து ஐந்து பூச்சியம்) படிக்கக்கூடிய அடையாளங்களைக் கவனியுங்கள். முன்பு எண் அல்லாததாக இருந்தது, இப்போது 1,00,000 ஆகிவிடும். 16 இலக்கத்தைத் தொடும் அடையாளங்களை எண்ணாக மாற்றவே வேண்டாம். கடைசி இலக்கம் பிசகலாம்.

சோதனைக் கோப்பில் ஏ2, ஏ02, ஏ10, ஏ2பி15, ஏ10பி2 ஐந்தையும் கலைத்துப் போடுங்கள். ஓட்டிய பிறகு, அதே கோப்பைத் தலைகீழாக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டு வெளியீடும் ஒன்றாக இல்லை என்றால், பெரும்பாலும் ஏ2-வும் ஏ02-வும்தான் இடம் மாறியிருக்கும். மூல அடையாளத்தையே கடைசி சார்ட்டாகச் சேர்த்தால் அதுவும் நிலைத்துவிடும்.