தினமும் வாக்கிங் போகிறேன், மலைப்பாதையில் நடக்க அது போதாதா?

போதாது. இந்த மாதமும் அதே கதைதான். அறுபதைத் தாண்டியவர், மலைப்பாதையில் பத்து நாள் நடந்துவிட்டு வீங்கிய முட்டியோடு வந்து, "இருபது வருஷமா வாக்கிங் போறேன் டாக்டர், எனக்கு எப்படி?" என்று கேட்கிறார். (நான் பிசியோதெரபிஸ்ட். டாக்டர் இல்லை என்று திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.)

சமதரையில் நடப்பது வேறு, மலை இறங்குவது வேறு. ஏறும்போது மூச்சு வாங்கும், தானாக நின்றுவிடுவீர்கள். இறங்கும்போது மூச்சு வாங்காது. சுகமாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. முதுகில் இருக்கும் பையின் பாரத்துக்கும் சேர்த்துத்தான். தசை களைத்துப்போனால் அதிர்ச்சி நேராக முட்டிக்குப் போகிறது. தசை வலியோ மறுநாளோ அதற்கு மறுநாளோதான் தெரியும். பூங்காவை எத்தனை வருஷம் சுற்றினாலும் அந்தத் தசைக்கு இந்த வேலை வந்திருக்காது.

வயதாகிவிட்டது, போகாதீர்கள் என்று சொல்லவில்லை. 1955இல் எம்மா கேட்வுட் தன் 67ஆவது வயதில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். 3,000 கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் கேன்வாஸ் ஷூவில்! பதினொரு பிள்ளை பெற்று, காலமெல்லாம் பண்ணை வேலை செய்த உடம்பு அது. ஷூ விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள். சரியாகத் தயாராகிப் போனவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள், பசித்துச் சாப்பிடுகிறார்கள். எங்கள் கிளினிக் படியில் கைப்பிடியைத் தேடாமல் இறங்கிப் போகிறார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாடிப்படியில் மெதுவாக இறங்கிப் பழகுங்கள்; பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஊன்றுகோல் இரண்டு வேண்டும். கௌரவம் பார்க்காதீர்கள், இறக்கத்தில் முட்டியின் சுமையை அது குறைக்கும். ஷூவின் முன்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் கால் நகம் கறுத்துவிடும். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. வியர்வையையும் வெயிலையும் பார்த்து இடையிடையே குடியுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் சாயங்காலம் உள்ளங்காலைப் பாருங்கள். மரத்த காலில் கொப்புளம் வலிக்காது.

இன்னொன்று, தயவுசெய்து. காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையும் நீர் போகும் மாத்திரையும் சாப்பிடுபவர், உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையையும் விழுங்கினால் சிறுநீரகம் பழுதாகலாம். எதை எடுக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

என்னிடம் வருவதானால் பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால் வாருங்கள். ஸ்கேன் கட்டெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நடக்கப்போகிற ஷூவையும் தூக்கப்போகிற பையையும் கொண்டுவாருங்கள். படியில் இறங்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.