எழுத்துப்பெயர்ப்பு அட்டவணை

ஒரு சொல்லை, அதன் பொருளைத் தொடாமல், எழுத்துக்கு எழுத்து ஒப்புவைத்து வேறோர் எழுத்துமுறைக்கு மாற்றுவதை ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்லிட்டரேஷன்' என்பர். லத்தீனில் 'டிரான்ஸ்' அப்பால் என்றும், 'லிட்டெரா' எழுத்து என்றும் பொருள்படும். தமிழில் எழுத்துப்பெயர்ப்பு, ஒலிபெயர்ப்பு என்னும் இரண்டும் மாறிமாறி வழங்குகின்றன. பெயர்த்தல் என்பது பழஞ்சொல். தொல்காப்பிய மரபியலே 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்கிறது. ஆகவே இரண்டும் நல்ல ஆக்கங்களே, ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றன்று.

மொரிசியசில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. அங்கே ரோமன் எழுத்தில் 'காவடி' சி-யில் தொடங்கி, ஆங்கில வழக்கப்படி இரட்டை ஈ-யில் முடிகிறது. 'முத்து' என்ற பெயரிலோ உகரந்தோறும் ஓ, யூ என்னும் இரண்டெழுத்து நிற்கிறது. அது பிரெஞ்சு வழக்கம். இவை காதில் விழுந்ததை எழுதியவை, ஆதலால் ஒலிபெயர்ப்பு. பிறமொழி எழுத்து ஒவ்வொன்றுக்கும் நேரான ரோமன் எழுத்தைத் தரும் கணினி அட்டவணை செய்வது அதுவன்று. அதற்கு எழுத்துப்பெயர்ப்பு என்பதே பொருந்தும்.

அட்டவணை மாற்றித்தருவது ஆஸ்கி என்னும் பழைய ஆங்கிலக் கணினிக் குறிமுறைக்கு. அதில் இருப்பவை 128 குறியீடுகள். அச்சில் தோன்றக்கூடியவை 95 மட்டுமே. ரீயூனியன் தீவின் பெயரில் வரும், மேற்கோடிட்ட பிரெஞ்சு ஈ எழுத்து அவற்றுள் இல்லை. ஆனால் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண்ணும் பெயரும் தரும் யுனிகோடு தரத்தின் தரவுக் கோப்பே அதனை வெற்று ஈ, மேற்கோடு என இரண்டாகப் பிரித்துக் காட்டுவதால், கோட்டை நீக்கி எஞ்சியதை அட்டவணையில் இட ஒரு சிறு நிரல் போதும். தமிழ் எழுத்துகள் அவ்வாறு பிரிந்து ரோமன் எழுத்தாவதில்லை. எனவே நிரலாளர் பலர் யுனிகோடு சூட்டிய பெயரின் இறுதிச் சொல்லையே எடுத்துக்கொள்கின்றனர்: ல-வுக்கு ஓர் எல், ள-வுக்கு இரண்டு, ழ-வுக்கு மூன்று, ஒவ்வொன்றின் பின்னும் ஓர் ஏ.

அந்த ஏ அகரத்துக்கு உரியது. பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதை நீக்கியாக வேண்டும். இவ்விதியை விட்டுவிட்டால் காவடியின் ஈற்றில் ஏ-யும் ஐ-யும் அடுத்தடுத்து நின்று, 'டி' என்பது 'டை' ஆகிவிடும். விதியைச் சேர்த்த பிறகும் கிளி, கில்லி இரண்டும் ஒரே வடிவம் பெறுகின்றன. ஏனெனில் ள-வும் இரண்டு எல், ல்ல-வும் இரண்டு எல்.

இந்திய எழுத்துகளை ரோமனுக்கு மாற்ற 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 15919 என்னும் பன்னாட்டுத் தரம் ள, ழ, ற, ண, ன ஆகியவற்றை அடிப்புள்ளியாலும் அடிக்கோட்டாலும் பிரித்துணர்த்துகிறது. அது செம்மையான முறைதான். ஆயினும் ஆஸ்கிக்காக அக்குறிகளை நீக்கினால் வலி, வளி, வழி மூன்றும் ஒன்றாகிவிடும். ள-வுக்குப் பெரிய எல், ழ-வுக்கு இசட் என்று தமிழர் தட்டச்சில் பழகிய முறையே என் கணிப்பில் மேலானது. ஆனால் கோப்புப் பெயர்களில் மட்டும் அதை நம்பக் கூடாது: விண்டோஸ் வழக்கமாகப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்வதால், ஒரே கோப்புறையில் 'வலி'யும் 'வளி'யும் சேர்ந்திருக்க இயலாது.