ஏஐ வரைந்த படம் யாருக்குச் சொந்தம்?

ஏஐயிடம் சொல்லி ஒரு படம் வரையவைத்து, அதைப் புத்தக அட்டையாகப் போட்டுவிட்டீர்கள். நாலு நாளில் வேறொருவர் அதே படத்தை எடுத்துத் தன் புத்தகத்துக்கும் போட்டுக்கொள்கிறார். வழக்குப் போட முடியுமா? எந்த நாட்டில் போடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும். அதைவிட, அந்தப் படத்தில் உங்கள் கை எவ்வளவு பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும்.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பம். நம்மில் பலர் இதைக் காப்புரிமை என்று எழுதிவிடுகிறோம். அது கண்டுபிடிப்புகளுக்குக் கொடுப்பது. எழுத்து, படம், இசைக்கெல்லாம் பதிப்புரிமை. பெரும்பாலான நாடுகளில் இதற்கு விண்ணப்பம், முத்திரை எதுவும் வேண்டாம், நீங்கள் எழுதி முடித்த கணத்திலேயே உரிமை வந்துவிடும். ஆனால் 'நீங்கள் எழுதி' என்பதில்தான் இப்போது சிக்கல்.

இயந்திரம் செய்ததா, மனிதர் செய்ததா என்ற சண்டை புதிதில்லை. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைப் படம் பிடித்த நெப்போலியன் சரோனி என்ற புகைப்படக்காரரின் படத்தை அமெரிக்காவில் ஒரு அச்சு நிறுவனம் அனுமதியில்லாமல் அச்சடித்து விற்றது. கேட்டால், கேமரா எதிரே இருப்பதை அப்படியே பதிவு செய்கிறது, இதில் ஆசிரியர் என்று யார் இருக்கிறார் என்று வாதம். 1884இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வைல்டை உட்காரவைத்த விதம், உடை, பின்னணித் துணி, வெளிச்சம் எல்லாம் சரோனி தீர்மானித்தது, ஆகவே படம் அவருடையது என்றது. இன்றைக்கும் அமெரிக்காவில் கேட்கப்படுவது அதே கேள்விதான்: எதை எதையெல்லாம் நீங்கள் தீர்மானித்தீர்கள்?

ஏஐயிலும் அதையே செய்து பாருங்கள். 'மழையில் ஒரு பாலம், தூரத்தில் சைக்கிள், மஞ்சள் வெளிச்சம்' என்று ப்ராம்ப்ட், அதாவது என்ன வேண்டும் என்று சொல்லும் வரி, கொடுங்கள். ஒரு படம் வரும். அதே வரியை ஒரு எழுத்துகூட மாற்றாமல் மறுபடி கொடுங்கள். இந்த முறை பாலத்துக்கு வேறு வளைவு இருக்கும், சைக்கிள் வலப்பக்கம் போயிருக்கும், நீங்கள் கேட்காத இரண்டு விளக்குக் கம்பங்கள் முளைத்திருக்கும். அந்தக் கம்பங்களை நட்டது யார்? நீங்கள் இல்லை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: இன்றைய கருவிகளில் ப்ராம்ப்ட் மட்டும் கொடுத்தால், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும், நீங்கள் ஆசிரியர் ஆகிவிட மாட்டீர்கள். முந்நூறு தடவை மாற்றி மாற்றிக் கேட்டேன் என்றாலும் உழைப்புக்கு உரிமை கிடைக்காது. எனக்கு இது கொஞ்சம் கறாராகத்தான் படுகிறது, ஆனால் தர்க்கம் புரிகிறது.

அதற்காக ஏஐ தொட்டதெல்லாம் தீட்டு என்றும் இல்லை. 2023இல் 'ஸார்யா ஆஃப் தி டான்' என்ற படக்கதைக்கு அந்த அலுவலகம் கொடுத்த முடிவு நல்ல உதாரணம். அதன் படங்கள் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் உருவானவை, அவற்றுக்கு உரிமை இல்லை. கதை வாசகங்கள் எழுதியவருக்கே சொந்தம், படங்களையும் வாசகங்களையும் தேர்ந்து அடுக்கிய விதமும் அவருக்கே. ஒரே புத்தகத்தை இப்படிக் கத்தரித்துத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் கையால் வரைந்ததை ஏஐக்குக் கொடுத்து, உங்கள் கோடுகள் முடிவிலும் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தப் பகுதி உங்களுடையது. வந்த படத்தை எடுத்து நீங்களே கணிசமாகத் திருத்தி வரைந்தாலும் அப்படியே. அமெரிக்காவில் பதிவு செய்யும்போது ஏஐ செய்த பகுதி எது என்று சொல்லிவிட வேண்டும். மறைத்தால் பின்னால் பதிவே ஆட்டம் காணலாம். அப்புறம், ஏஐயையே ஆசிரியர் என்று போட்டுப் பதிவு கேட்ட ஸ்டீபன் தேலரின் வழக்கு 2025 மார்ச்சில் மேல்முறையீட்டிலும் தோற்றது. மனித ஆசிரியர் கட்டாயம்.

மற்ற நாடுகள் எல்லாம் இதே வழியில் போகவில்லை. 2023 நவம்பரில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம், ப்ராம்ப்டுகளையும் கருவியின் செட்டிங்குகளையும் பார்த்துப் பார்த்து மாற்றி ஒருவர் உருவாக்கிய படத்துக்கு உரிமை உண்டு என்றே தீர்ப்பளித்தது. பிரிட்டனின் 1988 சட்டத்தில் கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரே ஆசிரியர். இந்தியச் சட்டத்திலும் 1994 திருத்தத்திலிருந்து, கணினி உருவாக்கிய படைப்புக்கு அது உருவாகக் காரணமானவர் ஆசிரியர் என்ற வரி இருக்கிறது. படிக்க நமக்குச் சாதகமாகத் தெரியும். ஆனால் இந்த இரண்டு வரிகளும் இன்றைய ஏஐயைக் கண்ணால் பார்க்காத காலத்தில் எழுதியவை, படைப்பு அசலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே நிற்கிறது.

ஏஐ நிறுவனங்களின் விதிமுறைகளில் 'வெளிவருவது எல்லாம் உங்களுக்கே' என்று ஒரு வரி இருக்கும், அதை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தன்னிடம் உள்ள உரிமையைத்தான் நிறுவனம் உங்களுக்கு மாற்றித்தர முடியும். சட்டப்படி உரிமையே பிறக்காத படத்துக்கு அந்த வரி எதையும் தராது.

ஏஐயைப் பயிற்றுவிக்க மற்றவர்களின் புத்தகங்களை எடுக்கலாமா என்பது தனிக்கதை. ஜப்பான் 2018 திருத்தத்தில் பெரிதும் கதவைத் திறந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில், வேண்டாம் என்று உரிமையாளர் முறைப்படி அறிவித்தால் வணிக நிறுவனங்கள் எடுக்கக்கூடாது. அமெரிக்காவில் 2025 ஜூனில் ஒரு நீதிபதி, காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களில் பயிற்றுவிப்பது நியாயப் பயன்பாடு (உரிமையாளரைக் கேட்காமலே சட்டம் அனுமதிக்கும் பயன்பாடு), திருட்டுப் பிரதிகளைச் சேர்த்துவைத்தது அப்படி இல்லை என்று பிரித்தார். ஆனால் உங்களைச் சுடக்கூடியது வேறு: ஏஐ கொடுத்த படம் இன்னொருவர் வரைந்ததைப் போலவே இருந்தால், வெளியிட்ட உங்கள் மேலும் வழக்கு வரலாம். பாணி மட்டும் ஒத்துப்போனால் பொதுவாகத் தப்பு இல்லை, பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது.

சரி, அந்த அட்டைக்கு வருவோம். ப்ராம்ப்ட் மட்டும் கொடுத்து எடுத்த படம் என்றால் அமெரிக்காவில் அதை எடுத்துப் போட்டவரைத் தடுப்பது கடினம். அட்டையின் பின்பக்கம் நீங்கள் எழுதிய அறிமுகத்தையும் அவர் சேர்த்து எடுத்திருந்தால் கதை வேறு. படத்தை நீங்களே திருத்தி வரைந்திருந்தால், ஏஐ முதலில் கொடுத்த படம், நடுவில் சேமித்த லேயர் கோப்புகள், அவற்றின் தேதிகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் கை எங்கே பட்டது என்று காட்ட வக்கீல் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.