208 மீட்டரில் தேய்ந்து திரும்பிய பாட்டு

1960-களின் தொடக்கத்தில் பிரிட்டன் இளைஞர்கள் புதுப் பாட்டு கேட்க இருட்டும்வரை காத்திருந்தார்கள். பி.பி.சி. இவ்வளவு நேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்று ஒப்பந்தம் இருந்தது. லக்சம்பர்க் நாட்டிலிருந்து ஆங்கிலத்தில் ஒலிபரப்பிய வணிக நிலையமான ரேடியோ லக்சம்பர்க்குக்கு அந்தக் கட்டு இல்லை. 208 மீட்டர் அலைநீளத்தில், அதாவது 1439 கிலோஹெர்ட்ஸில், இரவில் பாப் பாட்டுதான். அன்று கேட்டவர்கள் இன்றும் மறக்காதது அதன் ஏற்ற இறக்கம். நல்ல கட்டத்தில் பாட்டு தேயும், குரல் கரகரக்கும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வரும். குற்றம் ரேடியோவில் இல்லை, வானத்தில்.

ஒலிபரப்புக் கோபுரங்கள் லக்சம்பர்க்கின் மார்னாக்கில் இருந்தன. லண்டன் 400 கி.மீ.க்கும் அப்பால். தரையை ஒட்டிச் செல்லும் அலை அவ்வளவு தூரத்தில் மெலிந்துவிடும். மேலே போய்த் திரும்பும் அலையை நம்பித்தான் நிலையமே நடந்தது. வானில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கடுக்காக இருக்கிறது; பகலில் 60 முதல் 90 கி.மீ. உயரத்திலுள்ள ‘டி’ அடுக்கு அதையும் விழுங்கிவிடும். அலை அசைக்கும் எலக்ட்ரான்கள் அங்குள்ள காற்று மூலக்கூறுகளில் மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாக இழக்கின்றன. சூரியன் மறைந்ததும் அந்த எலக்ட்ரான்கள் அயனிகளோடு சேர்ந்துவிட, வழி திறக்கிறது. கோடையில் அங்கே வெளிச்சம் இரவு 9 மணி தாண்டியும் நீடிக்கும் என்பதால் மாலை நிகழ்ச்சிகள் ஈனஸ்வரத்தில்தான் கேட்டன.

வழி திறந்தால் வேறு தொல்லை. ஓர் அலை சுமார் 110 கி.மீ. உயரத்து ‘ஈ’ அடுக்கில் திரும்புகிறது, இன்னொன்று 200 கி.மீ.க்கு மேலுள்ள ‘எஃப்’ அடுக்கில். இரண்டும் ஆண்டெனாவில் கூடும்போது, பாதை வித்தியாசம் அரை அலைநீளம், அதாவது 104 மீட்டர், மாறினாலே போதும்: கூட்டல் கழித்தலாகிவிடும். அடுக்கு 100 மீட்டரளவு ஏறி இறங்கினால் அது நடந்துவிடும். அடுக்குகளோ ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்கும் இது பழகிய சங்கதிதான்.

கரகரப்பு இதிலிருந்து பிறப்பது. பாதைகளுக்கிடையே 150 கி.மீ. வித்தியாசம் என்றால் ஓர் அலை அரை மில்லிசெகண்ட் பிந்துகிறது. அதனால் அலைவரிசையில் ஒவ்வொரு 2 கிலோஹெர்ட்ஸுக்கும் ஓரிடத்தில் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்து ஒரு பள்ளம் விழுகிறது. பள்ளம் மெல்ல நகர்ந்து சரியாக 1439-இல், நிலையம் அனுப்பும் அடிப்படை அலையான ஊர்தி அலைமேல், வந்தால் அதன் இருபுறமும் பாட்டைச் சுமக்கும் பக்கப்பட்டைகள் மட்டும் எஞ்சும். அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டயோடு என்ற ரேடியோ உறுப்பு ஊர்தி அலையின் துணையின்றிப் பாட்டைச் சரியாகப் பிரிக்காது. போதாக்குறைக்கு, தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு ஊர்தி அலையை வைத்தே பலத்தை அளக்கிறது. அது இறங்கியதும் சிக்னல் குறைந்துவிட்டதென்று பெருக்கத்தைக் கூட்டும். சிதைந்த குரலும் இரைச்சலும் உரக்கக் கேட்கும்.

இதைக் கணினியில் திரும்ப உண்டாக்க நினைப்பவர்கள் பாட்டின் ஒலியளவை ஏற்றி இறக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது யாரோ குமிழைத் திருகுவதுபோல்தான் இருக்கும். பாட்டில் 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டி, அதை ஓர் ஊர்தி அலையின் வீச்சில் ஏற்றி (வீச்சுப் பண்பேற்றம்), அரை மில்லிசெகண்ட் பிந்திய நகலைக் கிட்டத்தட்ட அதே பலத்தில் கலந்து, நகலின் கட்டத்தை, அதாவது அலைச் சுற்றில் அது நிற்கும் இடத்தை, சில விநாடிகளுக்கு ஒரு சுற்றாக மெதுவாகச் சுழற்ற வேண்டும். கடைசியில் டயோடைப் போலவே அலையின் உறையை, அதாவது அதன் முகடுகளைத் தொட்டுச் செல்லும் கோட்டை, பிரித்தெடுத்தால் பழைய கரகரப்பு வந்துவிடும்.