ஸ்டார்ம்வாட்டர்: புயல் இல்லாத புயல்நீர்

போன ஐப்பசியில், தெரிந்தவர் ஒருவர் ஒரு பயிற்சிக் கையேட்டை அனுப்பி, தமிழ் சரியாக இருக்கிறதா பார்க்கச் சொன்னார். உள்ளாட்சிப் பணிமனைகளில் குப்பை லாரி ஓட்டுகிறவர்கள், வண்டி கழுவுகிறவர்கள், மெக்கானிக்குகள் ஆகியோர் படிப்பதற்காகத் தயாரானது. அட்டையிலேயே பெரிய எழுத்தில் 'புயல்நீர் மாசைத் தடுப்போம்' என்று இருந்தது. ஆங்கில மூலத்தில் இருந்த ஸ்டார்ம்வாட்டர்தான் மொழிபெயர்ப்பில் இப்படிப் புயல்நீர் ஆகியிருந்தது. கடலூர்க்காரர் படித்தால்கூட ஏதோ அர்த்தம் எடுத்துக்கொள்வார். எங்கள் சேலத்தில் புயல் ஏது? கரையைக் கடந்து வலுவிழந்த பிறகு அதன் மிச்ச மழைதான் நமக்கு வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் அப்படி உள்ளே வந்தபோது ஏற்காட்டில் கொட்டித் தீர்த்ததே, அதுபோல. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் யாரும் கையேடு போட மாட்டார்கள்.

ஸ்டார்ம்வாட்டர் என்றால், மழை பெய்யும்போது மண்ணுக்குள் இறங்காமல் கூரை, தார்ச்சாலை, சிமெண்ட் தளம் இவற்றின் மேல் ஓடி வடிகாலில் போய் விழும் நீர். பத்து நிமிடம் பெய்து நின்ற மழையானாலும் ஓடிவந்தால் அது ஸ்டார்ம்வாட்டர்தான். பனி உருகி ஓடுவதையும் அமெரிக்காவில் இதில் சேர்த்துக்கொள்கிறார்கள். பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல் ஸ்டார்ம். கலக்குவது, கிளறுவது என்ற பொருள் தரும் வேருக்கு உறவு என்பார்கள். பொறியாளர்கள் கையில் அது 'ஒரு தடவை பெய்த மழை' என்ற அளவுக்குச் சாதுவாகிவிட்டது. மொழிபெயர்த்தவர் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டார், அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாயிரம் வருஷம் பின்னால் போனால் அவர் செய்தது சரியாகிவிடும்! பழந்தமிழில் புயல் என்றால் மேகம், மழை. 'ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும் வாரி வளங்குன்றிக் கால்' என்கிறது 14ஆம் குறள். மழை குறைந்தால் உழவர் ஏர் பூட்ட மாட்டார்கள் என்று பொருள். அங்கே புயல் என்பது உழவருக்கு வரவு. வானிலை அறிக்கை காலத்தில்தான் அது கூண்டு எண் ஏற்றும் சமாச்சாரமாகச் சுருங்கியது. ஆனால் ஷெட்டில் வேலை செய்கிறவரிடம் போய்த் திருவள்ளுவர் பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அந்த நீர் போய் விழும் கால்வாயைக் குறிக்க அலுவலகத் தமிழில் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: மழைநீர் வடிகால். அதில் ஓடும் நீருக்கு 'மழை ஓடுநீர்' என்பது என் தேர்வு. வெறும் மழைநீர் என்றால் 2003ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் குழி வெட்டியதுதான் நம் மக்களுக்கு நினைவு வரும்; பிடித்து வைக்கிற, நல்ல தண்ணீர் அது. நாம் பேசுவது தரையைத் துடைத்துக்கொண்டு ஓடுகிற தண்ணீர். 'ஓடு' என்பதைச் சேர்த்தால் தரையும் அழுக்கும் கூடவே வந்துவிடுகின்றன.

வடிகாலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இங்கே கால் என்பது நீர்ப்பாதை; வாய்க்காலில் இருக்கிற அதே கால். (மேலே சொன்ன குறளின் கடைசிச் சொல்லும் கால்தான், ஆனால் அது வேறு கால்.) வடி என்பதற்கு இரண்டு பக்கம் உண்டு. சோறு வடிக்கிறோம், வெள்ளம் வடிகிறது, இது வெளியேறுவது. டீயை வடிகட்டுகிறோம், இது சுத்தமாக்குவது. மழைநீர் வடிகாலுக்கு முதல் வேலை மட்டும்தான் தெரியும். பாதாளச் சாக்கடைக் குழாயில் போகிற கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. மழைநீர் வடிகாலுக்கு வழக்கமாக அந்த நிலையமே கிடையாது. சேலத்தில் அதில் விழுவது சுற்றிச் சுற்றித் திருமணிமுத்தாற்றிலோ ஏதாவது ஓர் ஏரியிலோ அப்படியே போய்ச் சேரும். சேர்வராயன் மலையில் பிறந்து நகரத்துக்கு நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு அது. பெயரில் மணியும் உண்டு, முத்தும் உண்டு. பாலத்தில் நின்று 'அந்தச் சாக்கடை' என்று கைகாட்டுகிறவர்கள் நாம்தான்.

எனக்குச் சிக்கலே அந்தச் சொல்லில்தான். சாய்க்கடை தேய்ந்து சாக்கடை ஆனது என்பார்கள். நீர் சாய்ந்து போகிற கடைக்கோடி. என் பாட்டி ஜலதாரை என்பாள். அதற்கும் முன்னால் அங்கணம் என்று ஒரு சொல் இருந்தது. தகுதியில்லாத அவையில் பேசுவது அங்கணத்தில் அமிழ்தத்தைக் கொட்டியது போல என்கிறது 720ஆம் குறள். மழையைத்தான் அமிழ்தம் என்று 11ஆம் குறள் சொல்லியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படித்தால் நம் தெருக்கள் ஞாபகத்துக்கு வரும். சாக்கடை, ஜலதாரை, அங்கணம் மூன்றுமே வீட்டு அழுக்குநீர் போகிற இடத்துக்கான பெயர்கள். மழைநீர் வடிகாலை அந்தப் பெயரால் கூப்பிட ஆரம்பித்ததும், அதில் எதையும் கொட்டலாம் என்ற அனுமதியும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

கையேட்டைத் திருத்துவதற்கு முன் ஒரு பணிமனையை நேரில் பார்க்கப் போயிருந்தேன். எந்த ஊராட்சி, நகராட்சி என்று வேண்டாம். முந்தின இரவு தூறல் போட்டிருந்தது. சிமெண்ட் தளத்தில் குப்பை லாரி ஒன்றைப் பைப் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்கதவிலிருந்து பழுப்பாக ஒழுகிய தண்ணீர், பக்கத்தில் ஆயில் மாற்றிய இடத்தைக் கடந்ததும் அதன் மேல் மெல்லிய தோல் படர்ந்தது. ஊதா, பச்சை, கொஞ்சம் மஞ்சள். வானவில் மாதிரி நெளிந்துகொண்டே போய், இரும்புக் கம்பிச் சட்டத்துக்குள் இறங்கியது. எங்கே போகிறது என்று கேட்டேன்.

"இது சாக்கடைதானுங்க சார். எங்க போயிரப் போகுது?"

வளாகத்துச் சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். குழாய் வாய் ஓர் ஓடையில் திறந்திருந்தது. ஓடையின் கீழ்க்கரையில் ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். லாரி கழுவியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இத்தன வருசம் நான் இந்தப் பக்கமே வந்ததில்லைங்க" என்றார்.

ஒரு வண்டிக்கு ஆயில் மாற்றும்போது வடியும் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடியது என்று அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. பணிமனையில் ஆயில் மட்டுமா? கழுவின சிமெண்ட் நீர் கடும் காரத்தன்மை கொண்டது; மீனுக்கு ஆகாது. படுதா போடாமல் குவித்த மண்ணும் எம்-சாண்டும் ஒரே மழையில் வடிகாலில் படிந்து அதைத் தூர்த்துவிடும். வறண்ட நாட்களுக்குப் பிறகு வரும் முதல் மழை இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு போகும். மொட்டைமாடித் தொட்டிக்கு முதல் மழையை விடாமல் திருப்பிவிடுகிறோமே, காரணம் அதேதான்.

அமெரிக்காவில் இந்தச் சொல் சட்டத்துக்குள் வந்த கதையும் பணிமனையைத் தொடுகிறது. 1972ஆம் ஆண்டின் தூயநீர்ச் சட்டம் முதலில் ஆலைக் குழாய்களின் பின்னாலேயே ஓடியது. மழை ஓடுநீருக்குத் தனி ஏற்பாடு 1987 திருத்தத்தில்தான் வந்தது. 1990 விதிகள் பெரிய நகரங்களுக்கு. 1999 விதிகள் சிறிய நகரங்களுக்கு. சிறிய நகரங்கள் கட்டாயம் செய்ய வேண்டியவை என்று அதில் ஆறு சொல்லியிருக்கிறார்கள். ஆறாவது, நகராட்சி தன் சொந்த இடங்களை முதலில் ஒழுங்காக வைத்துக்கொள்வது. மூலத்தில் அதற்கு 'குட் ஹவுஸ்கீப்பிங்' என்று பெயர். கையேட்டில் 'நல்ல வீட்டு பராமரிப்பு' ஆகியிருந்தது. படித்தால் ஒட்டடை அடிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது. 'புழங்கும் இடத்தைச் சுத்தமாக வைத்தல்' என்று மாற்றினேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாரும் ஒட்டடைக்குச்சி தேட மாட்டார்கள்.

இன்னொரு பக்கத்தில், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பைக் கூரைக்கடியில் வைக்கச் சொல்லியிருந்தது. ஏற்காட்டில்கூட உப்புத் தூவுகிற அளவுக்குப் பனி கிடையாது. அடித்துவிட்டு, பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்புத் தூள் மூட்டைகள் என்று எழுதினேன். நம் ஷெட்டுகளில் மழையில் நனைந்து கரைவது அவைதான். ஆயில் சிந்தினால் தண்ணீர் ஊற்றாமல் மரத்தூள் போட்டு அள்ள வேண்டும் என்ற வரி நன்றாகவே இருந்தது, தொடவில்லை. வண்டி கழுவும் தளத்தின் நீர், ஆயில் பிரிக்கும் தொட்டி வழியாகக் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் போக வேண்டும், மழைநீர் வடிகாலுக்கு அல்ல என்ற வரியில் மட்டும் இரண்டு இடத்திலும் 'சாக்கடை' என்றே போட்டிருந்தார்கள். படிக்கிறவர் எந்தச் சாக்கடை என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

அட்டையை 'மழை ஓடுநீர் மாசைத் தடுப்போம்' என்று மாற்றி அனுப்பினேன். கம்பிச் சட்டத்துக்குப் பக்கத்தில் எழுதுவதற்கு 'மழைநீர் வடிகால்' என்று ஒரு வாசகமும் கொடுத்திருந்தேன். லாரி கழுவியவரிடம் அதைக் காட்டியிருக்கிறார்கள். அவருக்குத் திருப்தி இல்லையாம். "ஆத்துக்குப் போகுதுன்னு போடுங்க சார், அதான் புரியும்" என்றிருக்கிறார். சிவப்புப் பெயின்ட்டில் அப்படியே எழுதியாகிவிட்டது, 'ஆத்துக்கு' என்ற எழுத்தோடு. அதை நான் திருத்தவில்லை.