14416-க்கு யாரெல்லாம் அழைக்கலாம்?

14416 என்ற எண்ணில் தொலைபேசி வழியாக மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் என்று ஒரு சேவை இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர், அது உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கான எண் மட்டும்தான் என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படியில்லை. கணவரின் குடியால் தூக்கம் கெட்டவர், துணையை இழந்து மாதங்கள் ஆகியும் மீள முடியாதவர், பிள்ளையிடம் கத்திவிட்டு ராத்திரியெல்லாம் வருந்தும் அம்மா, எல்லாருக்கும் உரியது இது.

மத்திய அரசு 2022-23 பட்ஜெட்டில் அறிவித்து, 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கிய திட்டம் இது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் வழிநடத்துகிறது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் இதே எண்தான் இயங்குகிறது. 14416 அல்லது 1800 891 4416. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. வருமானச் சான்றிதழோ ரேஷன் கார்டோ தேவையில்லை.

அழைத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் பலரும் திணறுவார்கள். "நாலு நாளா தூக்கம் இல்லை" என்று ஒரு வரி சொன்னாலே போதும், மீதியை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். நடுவில் அழுகை வந்தால் அழலாம். ஆலோசகர் மருத்துவர் அல்ல, மாத்திரை எழுதித் தர மாட்டார். மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை என்றால் மனநல நிபுணரிடமோ, மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இயங்கும் அரசு மருத்துவமனைக்கோ வழிகாட்டுவார். 2024 அக்டோபரில் இதற்கான செயலியும் வந்துவிட்டது.

குடி விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம், ஆள் அடையாளம் தெரியாமல் உளறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் வீட்டிலேயே வைராக்கியமாக நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. போதைப் பழக்கத்துக்கென்றே சமூக நீதி அமைச்சகத்தின் 14446 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. குடிப்பவர் சம்மதிக்கும்வரை குடும்பம் காத்திருக்கத் தேவையில்லை. மனைவியோ மகனோ தங்களுக்காகவே அழைத்துப் பேசலாம். அவர்கள் படும் பாடும் பாடுதானே.

துக்கத்தில் இருப்பவரிடம் "இன்னுமா அழுதுக்கிட்டிருக்கே" என்று கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை! இத்தனை மாதத்தில் சரியாகிவிட வேண்டும் என்று கணக்கு எதுவும் இல்லை. ஆனால் நாளாக ஆகச் சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாமே நின்றுபோனால் பேசத்தான் வேண்டும். பிள்ளை வளர்ப்புச் சுமையும் அப்படித்தான். அடித்துவிடுவோமோ என்ற பயம் வருகிற நேரமே அழைக்க வேண்டிய நேரம்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற தயக்கத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 18-ஆம் பிரிவில் அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவைகளை எல்லாருக்கும் உரிமையாக்குகிறது. 23-ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. யாருக்காவது தீங்கு நேராமல் தடுப்பது போன்ற சில சூழல்களுக்கு மட்டுமே விலக்கு. யாராவது ஏற்கெனவே எதையாவது விழுங்கிவிட்டார் என்றாலோ காயப்படுத்திக்கொண்டார் என்றாலோ முதலில் 108-ஐ அழையுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

முதல் தடவை பேசியது திருப்தியாக இல்லையென்றால் விட்டுவிடாதீர்கள், மறுபடி அழைக்கலாம். வேறொருவர் எடுக்கக்கூடும் என்பதால், முன்பு பேசியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.