‘ப்ரீ-டெபியூ’ பாட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கே-பாப் எனப்படும் கொரியப் பாப் இசை கேட்கிறவர்கள் நாளுக்கு நாலு தடவையாவது சொல்லும் சொல் ‘ப்ரீ-டெபியூ’. ஒரு பாட்டுக்குழு முறையாக மேடைக்கு வருவதற்கு முன்பே, அந்தக் குழுவில் இருக்கப்போகிற ஒருவர் தனியாகப் பாடி வெளியிடும் பாட்டு ‘ப்ரீ-டெபியூ சோலோ’. பொருள் இவ்வளவுதான். இதைத் தமிழில் எழுத உட்காரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. ‘முன்-அறிமுகத் தனிப்பாடல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனாலும் ஏதோ இடிக்கிறது. என்ன இடிக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு உதாரணம். லூனா என்ற குழுவின் கொரியப் பெயருக்கு ‘இந்த மாதத்தின் பெண்’ என்று பொருள். பெயருக்கேற்ற மாதிரி, மாதம் ஒருவர் என்ற கணக்கில், நடுவில் சில மாதங்கள் இடைவெளி விட்டு, 12 பேரை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார்கள். முதலில் வந்தவர் ஹீஜின். அவருடைய ‘விவிட்’ பாட்டு 2016 அக்டோபர் 5 அன்று வெளியானது. அவருக்கு 16 வயது நிரம்ப அப்போது இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அடுத்த மாதம் ஹியூன்ஜின் வந்தார். அவருடைய தொகுப்பிலேயே ஹீஜினோடு சேர்ந்து பாடிய பாட்டு ஒன்றும் இருந்தது. இப்படி ஆள் சேர்ந்து சேர்ந்து, 12 பேரும் ஒரே குழுவாக முதல் தொகுப்பை வெளியிட்டது 2018 ஆகஸ்ட் 20 அன்று. ஹீஜினின் பாட்டுக்கும் குழுவின் தொடக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய 22 மாதம். குழுவுக்கு ஆண்டு நிறைவு கொண்டாடும்போது ரசிகர்கள் 2018இலிருந்துதான் எண்ணுகிறார்கள். அப்படியானால் 2016இல் நடந்ததற்கு என்ன பெயர்?

இனி சொல்லின் கதை. ‘டெபியூ’ பிரெஞ்சுச் சொல். எழுத்தில் கடைசியாக ஒரு ‘ட்’ இருந்தாலும் அது ஒலிக்காது. ‘டெபுட்’ என்று படிக்கத் தேவையில்லை. இதற்குள் இருக்கும் ‘பூ’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு இலக்கு, குறி என்று பொருள். பந்து உருட்டும் விளையாட்டுகளில் குறியிடத்திலிருந்து முதல் வீச்சை வீசுவதற்குத்தான் முதலில் ‘டெபியூ’வின் வினைச்சொல் வடிவம் வழங்கியது. ஆட்டக்களத்தில் பிறந்த சொல் பிறகு நாடக மேடைக்கு ஏறி, 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. கொரிய மொழி இதைத் ‘தெப்வி’ என்று தன் நாக்குக்கேற்ப மாற்றிக்கொண்டது. ஹீஜினின் அந்த முதல் பாட்டைப் படம்பிடித்தது பாரிசில் என்பது எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம்.

தமிழில் ‘டெபியூ’வுக்கு இரண்டு சொற்கள் தயாராக இருக்கின்றன: அறிமுகம், அரங்கேற்றம். கிரிக்கெட் செய்தியில் ‘அறிமுக வீரர்’, ‘அறிமுக ஆட்டம்’. சினிமாவில் டைட்டில் ஓடும்போது புது நடிகையின் பெயருக்குப் பக்கத்தில் ‘அறிமுகம்’. அரங்கேற்றம் என்றால் பரதம், கச்சேரி, அப்புறம் பழைய காலத்தில் நூல்கள். பலரும் இரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட்டு எழுதிவிடுகிறார்கள். நானும் பல நாள் அப்படித்தான் எழுதினேன். ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

அறிமுகம் என்றால் அறிந்த முகம் ஆவது. இதுவரை தெரியாத ஒருவரை நமக்குத் தெரிய வைப்பது, அவ்வளவுதான். அதற்குப் பயிற்சியும் வேண்டாம், மேடையும் வேண்டாம். கல்யாண வீட்டு வாசலில்கூட அறிமுகம் நடக்கும். அரங்கேற்றம் அப்படியில்லை. பல ஆண்டு பயின்ற கலையைச் சபை நடுவே காட்டி, ‘இவர் இனிமேல் கலைஞர்’ என்று ஒப்புதல் வாங்கும் நாள் அது. சிலப்பதிகாரத்தில் இதற்கென்றே ஒரு காதை இருக்கிறது. மாதவி ஏழு ஆண்டு பயின்று, 12 வயதில் சோழ மன்னன் முன் ஆடுகிறாள். அவள் ஏறிய அரங்கின் அளவைக்கூட இளங்கோ விடவில்லை: ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆடி முடித்ததும் தலைக்கோல் என்ற பட்டமும், 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையும் கிடைக்கின்றன.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தென்கொரியத் தலைநகரான சோல் நகரத்துப் பயிற்சிக்கூடங்கள்தான் நினைவுக்கு வரும். அங்கே இசை நிறுவனத்தில் சேர்ந்து பாட்டும் ஆட்டமும் பயிலும் பிள்ளைகளுக்குக் கொரிய மொழியில் ‘யோன்சுப்செங்’ என்று பெயர். பயிற்சி மாணவர் என்று பொருள். சிலருக்குச் சில மாதம், சிலருக்குப் பல ஆண்டு. கடைசிவரை மேடை கிடைக்காமலே போகிறவர்களும் உண்டு. அந்தப் பயிற்சி முடிந்து குழுவாக மேடையேறும் நாளுக்கு ‘அறிமுகம்’ போதவே போதாது. அது அரங்கேற்றம்தான்.

அப்படி வைத்துக்கொண்டால் நம் சிக்கல் தானாக அவிழ்கிறது. குழுவின் ‘டெபியூ’ அரங்கேற்றம் என்றால், அதற்கு முன்னால் வரும் தனிப் பாட்டுதான் அறிமுகம். ‘முன்-அறிமுகம்’ என்பதில் இடித்தது இதுதான்: அறிமுகமாவதற்கு முன்னால் ஒருவர் நம் முன் வந்து பாடினால், அதுவே அறிமுகம் ஆகிவிடுகிறதே!

பரதத்தில் இதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு வழக்கமும் உண்டு. அரங்கேற்றத்துக்கு முன் சலங்கை பூஜை நடக்கும். தட்டில் மஞ்சள் குங்குமம் வைத்த சலங்கையைக் குரு எடுத்துக் கொடுக்க, பிள்ளை அதை முதன்முதலாகக் காலில் கட்டிக்கொண்டு அலாரிப்பு, ஜதிஸ்வரம் என்று சில உருப்படிகள் மட்டும் ஆடிக் காட்டும். முதல் அடியில் சலங்கைச் சத்தம் கேட்டதும் அந்தப் பிள்ளை ஒரு நொடி தன் காலையே குனிந்து பார்க்குமே, அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முழு மார்க்கம், அதாவது எல்லா உருப்படிகளையும் வரிசையாக ஆடுவது, பின்னால் அரங்கேற்றத்தில்தான். ‘விவிட்’ ஹீஜினுக்கு ஒரு சலங்கை பூஜை மாதிரி.

‘சோலோ’ இத்தாலியச் சொல். தனியாக என்று பொருள். இதற்குத் ‘தனிப்பாடல்’ எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. தமிழில் தனிப்பாடல் என்றால், தொடர்நிலையாக இல்லாமல் அவ்வப்போது புலவர்கள் பாடிய செய்யுள். காளமேகத்தின் பாட்டெல்லாம் அந்தக் கணக்கில் வரும். அதனால் ‘தனிக்குரல் பாட்டு’ என்றோ, இடம் பார்த்து ‘தனித்துப் பாடியது’ என்றோ எழுதலாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ‘ப்ரீ-ரிலீஸ்’ பாட்டு வேறு. அது ஏற்கெனவே மேடையேறியவர்கள்கூட, வரப்போகும் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டை மட்டும் முதலில் விடுவது. அதற்கு ‘முன்வெளியீட்டுப் பாட்டு’ சரியாக இருக்கும்.

‘அறிமுகப் பாடல்’ என்றால் நம் ஊரில் கதாநாயகன் வந்திறங்கும் பாட்டு நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். வரட்டுமே. அதுவும் கதை தொடங்கும் முன் ஆளைக் காட்டும் பாட்டுதான்.

ஜி-ஐடில் என்ற பெண்கள் குழுவின் சோயோனை வைத்து எழுதிப் பார்க்கிறேன். 2017 நவம்பரில் ‘ஜெல்லி’, 2018 பிப்ரவரியில் ‘ஐடில் சாங்’ என்று இரண்டு பாட்டுகளைத் தனித்துப் பாடி வெளியிட்டவர் அவர். இரண்டாவது பாட்டின் பெயரில் இருந்த சொல்லே பிறகு குழுவின் பெயரிலும் இருந்தது. தமிழில் இப்படி வரும்: ‘சோயோன் இரண்டு அறிமுகப் பாடல்களைத் தனித்துப் பாடினார். அவருடைய குழு ஜி-ஐடில், 2018 மே 2 அன்று, அவரும் சேர்ந்து எழுதிய ‘லாட்டாட்டா’ பாட்டோடு அரங்கேறியது.’